காய் உதிர்க்காத செடி

வெள்ளிக்கிழமை இரவு லேப்டாப் பையோடு ஏற்காடு ஏறிவரும் தம்பி, தங்கைகளுக்கு,

சேர்வராயன் மலையில் கொஞ்சம் காபித் தோட்டமும், அதன் நடுவே வாடகைக்கு விடும் சில அறைகளுமாகப் பிழைக்கிறவள் நான். வந்து இறங்கிய அரை மணி நேரத்தில் என்னை 'அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்துவிடுகிறீர்கள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். ஓய்வெடுங்கள் என்று சொல்ல வரவில்லை. ஓய்வெடுக்கத்தானே அவ்வளவு தூரம் வருகிறீர்கள். அது பலிக்காமல் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அதனால் இந்த மடல்.

அறை பிடிக்கப் போன் செய்யும்போது நீங்கள் கேட்கும் முதல் கேள்வி, வெந்நீர் வருமா என்பதல்ல. "வைஃபை ஸ்பீடு எவ்வளவு?" அடுத்தது, "கரன்ட் போனா இன்வெர்ட்டர் இருக்கா?" சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருகிறீர்கள். பாதி வளைவுகளில் சிக்னல் போகும், வரும். மேலே வந்து நின்றதும் அடைபட்டிருந்த செய்திகள் எல்லாம் சேர்ந்து சட்டைப்பையில் துடிக்கும். மலைக்காற்றை ஒருமுறை இழுத்து விடுவதற்குள் கட்டைவிரல் போனைத் தேடிப் போய்விடுகிறது. சனிக்கிழமை படகு, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட். இரவு ஒன்பது மணிக்குச் சாப்பாட்டு மேசையில் தட்டை நகர்த்திவிட்டு லேப்டாப். "பத்து நிமிஷம்தான் அக்கா." தோசைக்கல்லை அணைத்துவிட்டு உங்களுக்காகக் காத்திருந்த இரவுகள் எனக்குப் பழகிவிட்டன.

போன டிசம்பரில் ஒரு தங்கை வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை, காபி காயப்போடும் களத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மடியில் கம்ப்யூட்டரை வைத்திருந்தாள். பனிமூட்டம் பத்தடிக்கு மேல் தெரியவிடவில்லை. கேமராவை அணைத்துவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு யாருக்கோ விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் டம்ளரை நீட்டியதும், "மியூட்லதான் இருக்கேன் அக்கா, பேசுங்க" என்றாள். எனக்குப் பேச எதுவும் தோன்றவில்லை. பிறகு அவளே சொன்னாள், பெருமையாகத்தான் சொன்னாள்: "எங்க மேனேஜர் என்ன சொல்வார் தெரியுமா? 'நீ இருக்கிற தைரியத்துலதான் நான் நிம்மதியா தூங்கறேன்'பார்." அவளுடைய கண்ணுக்குக் கீழே கருவளையம். அவள் யார் இருக்கிற தைரியத்தில் தூங்குவாள் என்று கேட்க வாய்வரை வந்தது. விருந்தாளி ஆயிற்றே என்று விட்டுவிட்டேன்.

இந்த மடல் அவளைப் போன்றவர்களுக்கு. வேலையில் சுணங்குகிறவர்களுக்கு இது தேவைப்படாது. அவர்கள் நன்றாகத் தூங்குகிறார்கள். 'அவகிட்ட கொடுத்தா முடிச்சிருவா' என்று பெயர் வாங்கியவர்கள் நீங்கள். நம் ஊரில் வேலை செய்கிறவனுக்குத்தான் மேலும் மேலும் வேலை வரும். ஒருவர் எட்டு டிக்கெட்டை முடித்தால் அடுத்த வாரம் பன்னிரண்டு வரும். இரண்டை இழுத்தடிக்கிறவரிடம் இரண்டே இருக்கும். உங்கள் திறமைக்குக் கிடைத்த பரிசு அடுத்தவரின் பங்கும் சேர்ந்த சுமை. ரேட்டிங்கில் வித்தியாசம் ஒரு புள்ளி, சம்பளத்தில் சில ஆயிரம்.

இந்தப் பழக்கம் அலுவலகத்தில் தொடங்கியதல்ல. உங்களில் பலர் கீழே நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் படித்தவர்கள் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறீர்கள். பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரம்கட்டிவிட்டு இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே உருப்போட வைத்த பள்ளிகள் அந்த வட்டாரத்தில் இருந்தன. 'பிராய்லர் பள்ளி' என்று ஊரே கேலி செய்தது, செய்துகொண்டே பிள்ளைகளைச் சேர்க்க வரிசையில் நின்றது. 2017-இல்தான் தமிழ்நாடு அரசு மாநில ரேங்க் பட்டியல் வெளியிடுவதை நிறுத்தியது. அதற்குள் நீங்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டீர்கள், விடிகாலை எழுந்து நள்ளிரவில் படுக்கும் உடம்போடும், முதலிடம் இல்லையென்றால் ஒன்றுமேயில்லை என்ற மனசோடும். உங்களைப் பிழிய மேனேஜர் பெரிதாகச் சிரமப்படத் தேவையில்லை.

இனி எனக்குத் தெரிந்த விஷயத்துக்கு வருகிறேன். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து இங்கே காபிக்காரர்கள் கண்டுவரும் நோய் ஒன்று உண்டு. பூச்சியாலோ பூஞ்சையாலோ தொடங்குவதில்லை. அதிகம் காய்த்துச் சாவது.

மார்ச், ஏப்ரலில் முதல் மழை விழுந்தால், அதுவரை வறட்சியில் உறங்கிக் கிடந்த மொட்டுகள் ஒன்பது பத்து நாளில் ஒரே விடியலில் வெள்ளையாக விரியும். மாமரமோ ஆரஞ்சோ தாங்க முடியாத பிஞ்சுகளைத் தானே உதிர்த்துவிடும். அராபிகா காபிக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. எத்தியோப்பியக் காட்டின் பெருமரங்களுக்கு அடியில், நிழலில் வளர்ந்த இனம் இது. நிழலில் பூ கொஞ்சமாகத்தான் வரும். உதிர்க்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. நாம்தான் வெயிலில் நட்டு, உரம் கொட்டி, ஒரு கணுவில் கொத்துக் கொத்தாகப் பூக்க வைத்தோம். பூத்ததையெல்லாம் அது பிடித்துவைத்துக்கொள்கிறது.

ஆகஸ்டில் வாருங்கள், காட்டுகிறேன். கிளை தெரியாமல் பச்சைக் காய் அப்பியிருக்கும் செடியைப் பார்த்து வாங்க வருகிற வியாபாரிக்கு வாயெல்லாம் பல். கிளையைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தால் கதை வேறு. காய் முற்றுவதற்கான மாவுச்சத்தை முதலில் இலையிலிருந்து உறிஞ்சும். இலை மஞ்சளாகிக் கொட்டும். இலை போனால் உணவு சமைக்க ஆளில்லை. தண்டிலும் வேரிலும் சேமித்து வைத்ததில் கை வைக்கும். உறிஞ்சு வேர்கள் பட்டினியில் சாகும். செப்டம்பர் வாக்கில் கிளையின் நுனியிலிருந்து கருகி உள்நோக்கி வரும். எஸ்டேட்காரர்கள் இதை 'டைபேக்' என்பார்கள். இலைத்துருவும் அப்படிச் சோர்ந்த செடியில்தான் சுலபமாகப் பற்றும். அந்தக் காய் பழுத்தும் பயனில்லை. பாதி சாவியாகத் தண்ணீரில் மிதக்கும்.

மோசமானது இனிமேல்தான். காபி, போன வருஷம் விட்ட துளிரில்தான் இந்த வருஷம் காய்க்கும். காயைச் சுமந்தே சக்தி முழுவதும் தீர்ந்த செடி, புதுத் துளிர் விடாது. அடுத்த வருஷம் காய்க்க அதில் கிளையே இருக்காது. 1980-களில் காபி வாரியம் 'காவேரி' என்று ஒரு ரகம் வெளியிட்டது. குட்டைச் செடி, சீக்கிரம் காய்க்கும், அள்ளிக் காய்க்கும். நிழலையும் உரத்தையும் குறைத்துப் பாருங்கள், தோட்டத்தில் முதலில் கருகுவது அதுவாகத்தான் இருக்கும். இருப்பதிலேயே நன்றாகக் காய்க்கிற செடி.

நான் சொல்லவருவது உங்களுக்குப் புரிந்திருக்கும். களைப்பு என்பதை நீங்கள் தூக்கக் கணக்கில் மட்டும் பார்க்கிறீர்கள்: இரண்டு நாள் மலையில் தூங்கினால் சரியாகிவிடும் என்று. உங்களிடம் நின்றுபோயிருப்பது துளிர். கடைசியாக வேலைக்கு உதவாத ஒரு புத்தகத்தை எப்போது படித்தீர்கள்? புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளத் தொடங்கி, பாதியில் விட்டது எத்தனை? அந்தத் தங்கை ஒரு காலத்தில் வீணை வாசித்தாளாம். இப்போது அவளுடைய வேலையிலேயே வரும் புது விஷயங்களைக்கூட மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஓடுகிறாளாம், "டெலிவரிக்கே நேரம் போதலை" என்கிறாள். உங்கள் நிறுவனத்துக்கு இது தெரிவதில்லை. அவர்கள் பார்ப்பது வியாபாரி பார்க்கிற பக்கத்தை.

2019-இல் உலகச் சுகாதார நிறுவனம், நோய்ப் பட்டியலின் புதிய பதிப்பில் இந்தப் பணிச்சோர்வை வரையறுத்தது. நோயாக அல்ல, வேலையிடத்து நிகழ்வாக. அதில் மூன்று அடையாளங்கள்: சக்தி வற்றுவது, வேலையின் மேல் வெறுப்போ விலகலோ வருவது, செய்கிற வேலையின் திறன் குறைவது. முதலாவது தெரிந்ததும் மலையேறுகிறீர்கள். இரண்டாவதும் மூன்றாவதும் வந்ததை நீங்கள் ஒப்புக்கொள்வதில்லை; 'கொஞ்சம் டல்லா இருக்கேன்' என்று கடந்துவிடுகிறீர்கள். திறன்தானே உங்கள் அடையாளம், அது குறைகிறது என்று எப்படிச் சொல்வீர்கள்.

2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் 90 மணி நேரத்துக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மனைவியை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று கேட்டது ஊர் முழுக்கச் சிரிப்பானது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணக்குத் தெரிந்தவர்கள் கணக்குத் தப்பாகச் சொல்கிறார்களே என்றிருந்தது. முதல் உலகப் போரில் பிரிட்டனின் வெடிகுண்டு ஆலைகளில் வேலை செய்தவர்களின் பதிவேடுகளை ஜான் பென்கவல் என்ற பொருளியலாளர் எடுத்து ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார். வாரம் 56 மணி நேரம் உழைத்தவர்களுக்கும் 70 மணி நேரம் உழைத்தவர்களுக்கும் முடித்த வேலையில் பெரிய வித்தியாசம் இல்லை. மீதிப் பதினான்கு மணி நேரம் எங்கே போயிற்று? ஆளின் உடம்பிலிருந்து போயிற்று. வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட 35 சதவீதம் கூடுதல் என்று 2021-இல் உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து சொல்லின.

அன்னா செபாஸ்டியன் பேரயிலை மறந்திருக்கமாட்டீர்கள். கொச்சிப் பெண், 26 வயது, சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட். 2024 மார்ச்சில் புனேயில் இ.ஒய். அலுவலகத்தில் முதல் வேலைக்குச் சேர்ந்தாள், ஜூலையில் இறந்தாள். மகள் படிப்பில் எப்போதும் முதலாவதாக வந்தவள், கொடுத்ததையெல்லாம் ஏற்றுச் செய்தவள் என்று தாயார் அந்த நிறுவனத்தின் இந்தியத் தலைவருக்கு எழுதிய கடிதம் செப்டம்பரில் நாடெங்கும் பரவியது. வேலைப்பளுதான் காரணம் என்பதை நிறுவனம் ஏற்கவில்லை. மருத்துவக் காரணத்தில் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்தக் கடிதத்துக்குப் பிறகு தொழிலாளர் துறையினர் போய்ப் பார்த்தபோது, அந்த அலுவலகம் 2007 முதல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் பதிவே இல்லாமல் நடந்துவந்தது என்று மகாராஷ்டிர அதிகாரி ஒருவர் சொன்னார். வேலை நேரத்துக்கு எல்லை வகுக்கும் சட்டம் அதுதான்.

எல்லை என்றதும் எங்கள் தோட்டத்துப் பழ எடுப்பு ஞாபகத்துக்கு வருகிறது. நவம்பர் கடைசியில் தொடங்கும். இடுப்பில் பை, பழுத்ததை மட்டும் விரலால் திருகி எடுப்பது. சாயங்காலம் தராசு. கிலோவைச் சொல்லி, நோட்டில் பெயருக்கு நேரே எழுதியதும் அன்றைய வேலை முடிந்தது. அதற்குப் பிறகு யாரும் யாரையும் கூப்பிட முடியாது, கூப்பிட்டால் வசவுதான் கிடைக்கும். நான் இதை அழகுபடுத்திச் சொல்லவில்லை. கூலி குறைவு, முதுகுவலி நிச்சயம், மழை பெய்தால் அன்றைக்குச் சோறு பாதி. உங்கள் ஒரு மாதச் சம்பளம் அவர்களுக்கு ஒரு வருஷக் கனவு. ஆனால் வேலை முடிந்தது என்று சொல்லும் ஒரு தராசு அவர்களிடம் இருக்கிறது, உங்களிடம் இல்லை. 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் வாரம் ஒரு நாள் ஓய்வும் 48 மணி நேர உச்சவரம்பும் கொடுத்திருந்தது. 2025 நவம்பரில் வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களுக்குள் அது அடங்கிவிட்டாலும் எட்டு மணி நேரம் என்ற எல்லை இருக்கிறது.

உங்களுக்கும் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947: நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48. கூடுதல் நேரம் சேர்த்தாலும் நாளுக்குப் பத்து, வாரத்துக்கு 54. அந்தக் கூடுதலுக்கு இரட்டைச் சம்பளம். நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அதனால் பதவிப் பெயரில் 'மேனேஜர்' ஒட்டிக்கொள்ளும்போது கொஞ்சம் யோசித்துக் கைகுலுக்குங்கள். ஐ.டி. நிறுவனங்களிலும் சங்கம் வைக்கலாம் என்று 2016-லேயே தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்திவிட்டது. உங்களில் யாராவது சேர்ந்திருக்கிறீர்களா என்று கேட்டால், சங்கம் என்பது கீழே ஆலைக்காரர்களுக்கு என்பதுபோல் பார்க்கிறீர்கள்.

அந்த ஆலைக்காரர்களின் கதையையும் கேளுங்கள். 1918 ஏப்ரலில் சென்னையில் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது, பின்னி ஆலைத் தொழிலாளர்களின் முதல் குறைகளில் ஒன்று மதியச் சாப்பாட்டுக்கு விடும் அரை மணி நேரம் போதவில்லை என்பது. நூறு வருஷம் கழித்து நீங்கள் லாக்-இன் செய்துகொண்டே தயிர்சாதம் சாப்பிடுகிறீர்கள், அரை மணி நேரமும் இல்லாமல். 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்ப மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். தனி ஆளாக யாரும் அதை நிறுத்தவில்லை.

நேரம் மட்டுமே விஷயம் என்றும் நினைத்துவிடாதீர்கள். இந்த ஊரில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்று ஒருவர் வாழ்ந்தார். 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர். நிலவியல் ஆய்வுத் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் தென்னாட்டைக் கால்நடையாகவும் குதிரையிலும் அளந்தவர், ஓய்வுபெற்று ஏற்காட்டில் தங்கியும் கல் பொறுக்குவதை விடவில்லை. அவருடைய நினைவுச்சின்னம் இங்கே ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. அவரைப் போல உழைக்கிறேன் என்று யாராவது சொன்னால் நான் மறுப்பதற்கில்லை. எந்தக் கல்லைக் குனிந்து எடுப்பது என்பதை அவர்தான் முடிவு செய்தார். உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் காலையை யார் முடிவு செய்கிறார்கள்?

செய்ய வேண்டியது என்ன என்று கேட்பீர்கள். காய்த்துத் தொங்கும் செடிக்கு ஆகஸ்டில் ஒன்றும் செய்ய முடியாது. நிழல் மரத்தை அன்றைக்கு நட்டு அன்றைக்கு நிழல் பெற முடியாது. செய்வதெல்லாம் முன்னால்: அறுவடை முடிந்ததும் கவாத்து, பூப்பதற்கு முன் நிழலைச் சரிபார்ப்பது, இளஞ்செடியானால் முதல் பூவை உருவிவிடுவது. வேலையை ஏற்றுக்கொள்ளும் நிமிஷம்தான் உங்களுக்குப் பூக்கும் காலம். 'சரி' என்று சொல்லிவிட்டு நடுராத்திரியில் புலம்புவதால் பயனில்லை. கையில் இருக்கும் வேலைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் என்று பக்கத்தில் போட்டு, புதிது வரும்போது அந்தத் தாளை லீடிடம் நீட்டுங்கள்: "இதில் எதை எடுத்துவிடட்டும்?" இது மறுப்பும் இல்லை, சண்டையும் இல்லை. எழுத்தில் கேளுங்கள்.

பயம் இருக்கும், தெரியும். 2025 ஜூலையில் டி.சி.எஸ். ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்த வாரம், இங்கே வந்திருந்த யாரும் போனைக் கீழே வைக்கவில்லை. வீட்டுக் கடன், தங்கை கல்யாணம், அப்பாவின் மருந்து. 'வேலையை விடு' என்று சுலபமாகச் சொல்பவர்களை நம்பாதீர்கள். அதே சமயம், ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்தால் பட்டியலில் பெயர் வராது என்றும் நம்பாதீர்கள். அந்தப் பட்டியல் உங்கள் கருவளையத்தைப் பார்த்துப் போடப்படுவதில்லை. தூக்கமே வராமல் போனாலோ, நெஞ்சு படபடத்தாலோ, வாழ்வதே பாரமாகத் தோன்றினாலோ, அதற்கு ஏற்காடு மருந்தல்ல, டாக்டரைப் பாருங்கள். அரசின் டெலி மனஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

உங்களில் சிலர் இப்போது லீட் ஆகிவிட்டீர்கள். உங்களிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசலாம் என்று நினைக்கிறேன். நிழல் மரம் தன் பாட்டுக்குக் காப்பாற்றும் என்று எந்தத் தோட்டக்காரரும் சும்மா இருப்பதில்லை. சில்வர் ஓக்கின் கிளையை வருஷாவருஷம் ஆள் ஏறிக் கழித்து, எவ்வளவு வெயில் இறங்க வேண்டும் என்று தீர்மானிக்கிறோம். நிழலை ஒரேயடியாக வெட்டினால் முதல் வருஷம் மகசூல் கூடும், பிறகு வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற பூச்சி வந்து செடியையே முடித்துவிடும். உங்களுக்கு மேலே இருக்கும் வெயில் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பது உங்கள் கையில் இருக்கிறது. 'அவகிட்ட கொடு, முடிச்சிருவா' என்று வாயில் வரும்போது, போன வாரம் யாரிடம் கொடுத்தீர்கள் என்று பாருங்கள்.

ஒரு சேதி. சீசனுக்கு அறை கேட்டு வரும் போன்களில் நானும் இனி ஒரு கேள்வி கேட்பதாக இருக்கிறேன்: "அந்த ரெண்டு நாளைக்கு உங்க வேலையை யார் பாக்கறாங்க?" ஒரு பெயர் சொன்னீர்கள் என்றால் களத்தைப் பார்த்த அறை உங்களுக்கு. பெயர் இல்லையென்றாலும் அறை தருவேன், வாடகையில் குறை வைக்க என்னாலும் முடியாது. வைஃபை பாஸ்வேர்டை மட்டும் இரவு எட்டு மணிக்கு மேல் கேட்காதீர்கள். ரவுட்டரை அணைத்துவிட்டுத்தான் தோசைக்கல்லைப் பற்றவைப்பேன்.

அன்புடன்,
ஏற்காட்டிலிருந்து உங்கள் அக்கா